மூணாறு 2015: சங்கங்களை ஒதுக்கிவிட்டு நடந்த ஒரு வேலைநிறுத்தம்

2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில், தேயிலைத் தோட்டத்துப் பெண் தொழிலாளர்கள் சுமார் 6,000 பேர் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து, கேட்ட 20 சதவீத போனஸை வாங்கினார்கள். கேரளத்தில் வேலைநிறுத்தத்துக்கு என்றுமே பஞ்சமில்லை. இந்த ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. கம்பெனிக்கு எதிராக எவ்வளவு கோபம் இருந்ததோ, அவ்வளவு கோபம் தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கங்கள் மீதும் அவர்களுக்கு இருந்தது. கட்சி, கொடி, தலைவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

சங்கம் தேவையா என்ற விவாதம் வரும்போதெல்லாம் இரண்டு தரப்பும் மூணாறைக் காட்டுவார்கள். ‘சங்கமே இல்லாமல் ஜெயித்தார்கள் பார்’ என்பார்கள் ஒரு பக்கம். ‘சங்கம் இல்லாததால்தான் ஒரே வருஷத்தில் கலைந்துபோனார்கள்’ என்பார்கள் இன்னொரு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன: போனஸில் முழு வெற்றி, கூலியில் கால்வாசி வெற்றி; இது ஏன்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. போராட்டத்தில் இருந்த பெண்களின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை.

பின்னணி

மூணாறு தேயிலையின் கதையை 1877இலிருந்து தொடங்கலாம். பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் குத்தகைக்கு எடுத்த ஆண்டு அது. காட்டை வெட்டித் தோட்டம் போடுவதற்கு ஆட்கள் கீழ்நாட்டிலிருந்து வந்தார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்ற நிலை அன்றிலிருந்து தொடர்கிறது. 2015இல் சாலைக்கு வந்தவர்கள் அந்தக் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெண்கள்.

கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. 2015இல் ஒரு நாள் கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து அடிப்படை அளவு. அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. தோட்டத்துக்கு வெளியே கேரளத்தில் ஒரு சாதாரண கூலி வேலைக்கு அப்போதே 500 ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்தார்கள்.

கூலியை மட்டும் வைத்து இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது. அப்போது நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைக் காப்பகம், குடிநீர் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. தோட்ட அதிபர்கள் கூலிப் பேச்சில் முதலில் எடுத்துப் போடுவது இந்தச் செலவைத்தான். தொழிலாளி பக்கம் நின்று பார்த்தால் அதே வீடு வேறு மாதிரி தெரியும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு சிறு வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். காலி செய்யாமல் இருக்க ஒரே வழி, மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் பதிவது. படித்த பெண்ணைக்கூட வீட்டுக்காக மறுபடி மலைக்கு அனுப்பிய குடும்பங்கள் அங்கே உண்டு. கீழ்நாட்டில் சொந்த நிலம் எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தச் சலுகை ஒரு கயிறும்கூட.

சங்கங்களின் இடம் என்ன? மூணாறில் மூன்று பெரிய சங்கங்கள்: சி.ஐ.டி.யு. (மார்க்சிஸ்ட் கட்சி), ஏ.ஐ.டி.யு.சி. (இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி), ஐ.என்.டி.யு.சி. (காங்கிரஸ்) ஆகியவற்றோடு இணைந்தவை. இவை சும்மா வந்து உட்கார்ந்தவை அல்ல. 1958இல், கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசான இ.எம்.எஸ். அமைச்சரவை காலத்தில், மூணாறு தோட்டங்களில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த மாதிரிப் போராட்டங்களில்தான் சங்கங்கள் வேர் பிடித்தன. ஆனால் 2015க்குள் அந்த வேருக்கு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. உறுப்பினர்களில் பெரும் பகுதி பெண்கள், தலைமை முழுக்க ஆண்கள். தலைவர்களில் பலர் கட்சிக்காரர்கள், தேர்தலில் நிற்பவர்கள்.

பங்குதாரரும் தொழிலாளியும் ஒரே ஆள்

இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு விசித்திரம் இருக்கிறது. 2005இல் டாட்டா டீ, நஷ்டம் தந்துகொண்டிருந்த மூணாறுத் தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகியது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி உருவானது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களின் பெயரில், ஒரு பகுதி டாட்டா வசம். அதாவது 2015இல் சாலையில் உட்கார்ந்த பெண்களில் பலர் சட்டப்படி அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள்.

பங்கு இருந்ததே தவிர முடிவெடுக்கும் இடத்தில் குரல் இல்லை. லாபம் எவ்வளவு, ஏன் குறைந்தது, அதில் எது போனஸுக்கு, எது ஈவுத்தொகைக்கு என்பதெல்லாம் ஆண்டறிக்கையில் ஆங்கிலத்தில் இருக்கும் சங்கதி. லயத்தில் யாருக்கும் அது போய்ச் சேரவில்லை. ‘கம்பெனி நம்முடையது’ என்று சொல்லி வேலை வாங்கியவர்கள், கணக்கு கேட்டபோது முதலாளியாக மாறிவிட்டார்கள் என்ற எண்ணம் பெண்களிடம் பலமாக இருந்தது. என்னைக் கேட்டால், போனஸ் குறைந்ததை அவர்கள் வெறும் பண நஷ்டமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

பத்து சதவீதம்

முந்தைய ஆண்டு போனஸ் 19 சதவீதம். 2014-15க்குக் கம்பெனி அறிவித்தது 10 சதவீதம். தேயிலை விலை விழுந்தது, லாபம் பெருமளவு குறைந்தது என்பது கம்பெனி சொன்ன காரணம். அப்போது நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். ஆக 10 சதவீதம் சட்ட விரோதம் கிடையாது. கம்பெனி தன் கணக்கில் சரியாகத்தான் இருந்தது.

தொழிலாளியின் கணக்கு வேறு. போனஸைக் கணக்கிடச் சட்டம் அப்போது எடுத்துக்கொண்ட மாதச் சம்பளத்துக்கு 3,500 ரூபாய் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பை வைத்துக் குறைவாகவே போட்டால்கூட, 19 பத்தாக இறங்கினால் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 3,780 ரூபாய் போகிறது. 232 ரூபாய்க் கூலியில் அது 16 நாள் வேலை. பள்ளிக் கட்டணம், சீட்டுக் கடன், நகையை மீட்பது என்று எல்லாவற்றுக்கும் ‘போனஸ் வரட்டும்’ என்று தள்ளிவைக்கும் குடும்பத்தில் 16 நாள் கூலி எவ்வளவு பெரிய ஓட்டை என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் சண்டை மூண்டதற்குத் தொகை மட்டும் காரணமாகத் தெரியவில்லை. சங்கங்கள் அந்த 10 சதவீதத்தைத் தடுக்கவில்லை, தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை என்பது பெண்களின் குற்றச்சாட்டு. சங்கத் தலைவர்கள் கம்பெனியிடம் வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு, வேலை என்று சலுகை பெற்றுக்கொண்டவர்கள் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். தலைவர்கள் மறுத்தார்கள். எது எவ்வளவு உண்மை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்; ஆறாயிரம் பேர் அதை நம்பினார்கள். பேச்சுவார்த்தையில் ஒரு பிரதிநிதிக்கு இருக்கும் ஒரே முதல் அந்த நம்பிக்கைதான், அது தீர்ந்துவிட்டிருந்தது.

சாலையில் ஒன்பது நாள்: கவனித்தவை

செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் மஸ்டருக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, போகாமல் எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்து மூணாறு டவுனுக்கு இறங்கினார்கள். கம்பெனி அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள், கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்தார்கள். சுற்றுலாவை நம்பியிருந்த ஊர் அப்படியே நின்றது. சங்க அலுவலகங்களின் முன் கொடிக்கம்பங்கள் சாய்க்கப்பட்டன. உழைப்பது நாங்கள், கொள்ளையடிப்பது நீங்கள் என்ற பொருளில் எழுந்த கோஷம் கம்பெனிக்கா, தலைவர்களுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டு பக்கமும் போனது.

ஆதரவு தெரிவிக்க வந்த மார்க்சிஸ்ட் கட்சித் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பெண்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர் இடதுசாரிச் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தவர். பிறகு தன் பங்குக்குத் தனியாக உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அதே கட்சியின் மூத்த தலைவர், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன், தொண்ணூறு வயது கடந்தவர், கடைசி நாளில் வந்தபோது கைதட்டி வரவேற்றார்கள். தீர்வு வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அவரும் கூடவே உட்கார்ந்தார். கட்சியையே வெறுத்தார்கள் என்று எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. தங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டவர்கள் மீதுதான் அவர்களுக்குக் கோபம்.

இந்தக் கூட்டத்துக்கு ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அந்த நாட்களில் நிலைத்தது. பதிவு கிடையாது, சந்தா கிடையாது, பொதுக்குழு கிடையாது. பேசத் தெரிந்த, பயமில்லாத நாலைந்து பெண்கள் முன்னால் நின்றார்கள், அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, ஆண்கள் போராட்டத்தில் உட்காரக் கூடாது என்பது. இதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஆண்கள் இருந்தால் கைகலப்பு வரும், போலீஸ் அடிக்க ஒரு சாக்கு கிடைக்கும். சங்கத்தோடு நெருக்கம் ஆண்களுக்குத்தான், அவர்கள் வழியாகத் தலைவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். குடி வாங்கிக் கொடுத்து ஆளைத் திருப்பிவிடலாம் என்ற பயமும் இருந்தது. ஆண்கள் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள், ஓரமாக நின்றார்கள். ஒன்பது நாளும் பெரிய வன்முறை இல்லாமல் போனதற்கு இந்த முடிவுதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறாயிரம் பெண்கள் மீது தடியடி நடத்தத் தேர்தல் நெருங்கிய நேரத்தில் எந்த அரசும் துணியாது.

இரண்டாவது, சங்கங்களைப் பேச்சில் தங்கள் சார்பாக ஏற்காதது. சட்டத்தில் இதற்குக் கொஞ்சம் இடம் இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கேட்டது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான். தேயிலைத் தோட்டம் அந்த வகையில் வராது. எனவே திடீரென உட்கார்ந்ததாலேயே அது சட்ட விரோதம் ஆகவில்லை. பதிவில்லாத ஒரு கூட்டத்தோடு அரசு பேசக் கூடாது என்ற தடையும் இல்லை.

மூன்றாவது, பிரதிநிதிகள் கொச்சிக்குப் பேசப் போகும்போது கூட்டம் சாலையை விட்டு எழுந்திருக்காதது. ‘முதலில் கலையுங்கள், அப்புறம் பேசலாம்’ என்பது எல்லா அரசும் சொல்லும் வழக்கமான வார்த்தை. அதற்கு அவர்கள் இணங்கவில்லை. பேச்சு பல தடவை முறிந்தபோதும் போராட்டம் கரையாததற்கு இது உதவியது. கூடவே, உள்ளே போனவர்கள் குறைந்த தொகைக்குத் தலையாட்டிவிட்டு வர முடியாது என்ற கட்டாயத்தையும் இது உண்டாக்கியது. திரும்பி வந்தால் நேரே ஆறாயிரம் பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். சங்கங்களிடம் அவர்கள் காணாத பொறுப்பு இந்த ஏற்பாட்டில் இருந்தது.

நான்காவதாக ஒரு முடிவு. அதன் விலை பிறகுதான் தெரிந்தது. 20 சதவீத போனஸ், 500 ரூபாய் கூலி என்ற இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் வைத்தார்கள். போனஸ் கம்பெனி அளவிலான விஷயம். மேசையில் ஒரு கம்பெனி, ஓர் அரசு, ஒரு கூட்டம் இருந்தால் தீர்க்கலாம். கூலி அப்படியில்லை. கேரளத்தில் தோட்டக் கூலியை முடிவு செய்வது மாநில அளவிலான தோட்டத் தொழிலாளர் குழு. தோட்ட அதிபர்கள், பதிவு பெற்ற சங்கங்கள், தொழிலாளர் துறை என்று முத்தரப்பு அமைப்பு. அங்கே பேசினால் தேயிலை, ரப்பர், ஏலக்காய் என்று மாநிலம் முழுவதற்கும் பேச வேண்டும். முந்தைய ஒப்பந்தம் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியும் அந்தக் குழு புதுக் கூலியை முடிவு செய்யாமல் இருந்தது.

உடன்பாடு

செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் கொச்சியில் நடந்த பேச்சில் போனஸ் பிரச்சினை முடிந்தது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் எக்ஸ் கிரேஷியா எனப்படும் கருணைத் தொகை. கூட்டினால் 20.

இந்தப் பிரிப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி முன்பு அறிவித்தது 10 சதவீத போனஸ். உடன்பாட்டில் ‘போனஸ்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது அதைவிடக் குறைவு, சட்டம் கட்டாயப்படுத்தும் அடிமட்டம். மீதி எல்லாம் கம்பெனி தானாக விரும்பித் தந்ததாகப் பெயர். லாபம் குறைந்த ஆண்டில் 20 சதவீத போனஸ் கொடுத்தோம் என்ற முன்னுதாரணம் பதிவாகாது, அடுத்த ஆண்டு யாரும் அதைக் காட்டிக் கேட்க முடியாது. பெண்களுக்குக் கையில் வந்தது கேட்ட தொகை முழுசாக. இரண்டு தரப்பும் தோற்காமல் வெளியே வர இப்படி ஒரு வாசல் வைப்பது தொழிலாளர் துறையில் அனுபவமுள்ளவர்கள் அடிக்கடி செய்வதுதான். ஆனால் விலை உண்டு: உரிமையாக வாங்கியது 8.33 மட்டும். இதை அன்று சாலையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பணம் வந்தது, வீட்டுக்குப் போனார்கள்.

கூலி பற்றித் தோட்டத் தொழிலாளர் குழு செப்டம்பர் 26இல் பேசும் என்று அறிவித்தார்கள்.

கூலிக்கு வேறு மேசை

இங்கேதான் நிகழ்வு திரும்புகிறது. 26ஆம் தேதி எதுவும் முடிவாகவில்லை. 28ஆம் தேதி முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்கள் யார் என்றால், அதே சங்கங்கள். மூணாறு பெண்கள் கேட்ட அதே 500 ரூபாயை முன்வைத்து, இம்முறை மாநிலம் முழுவதும். பெம்பிளை ஒருமை தனியாக உட்கார்ந்தது. ஒரே ஊரில், ஒரே கோரிக்கைக்கு, இரண்டு பந்தல். இரண்டு பக்கத்துக்கும் இடையே கல்வீச்சுவரை போனது.

சங்கங்கள் திருந்தின என்று இதை வாசிக்கலாம், இடத்தைப் பிடித்துக்கொண்டன என்றும் வாசிக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒன்பது நாள் போராட்டம் நடக்காமல் இருந்தால் மூன்று சங்கங்களும் ஒரே குரலில் 500 கேட்டிருக்காது.

ஆனால் குழுவின் மேசையில் பெம்பிளை ஒருமைக்கு நாற்காலி இல்லை. அரசுத் தரப்பு அவர்களோடு தனியாகப் பேசியது உண்டு. பேசுவது வேறு, கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பது வேறு. சட்டமும் இதில் கறாரானது. சமரச நடவடிக்கையில் எட்டும் உடன்பாடு, கையெழுத்துப் போட்ட சங்கத்தின் உறுப்பினர்களை மட்டும் கட்டுப்படுத்துவதோடு நிற்காது. அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும்.

அக்டோபர் நடுவில் முடிவு வந்தது. தேயிலைக்கு 301 ரூபாய், ரப்பருக்கு 381, ஏலக்காய்க்கு 330. தேயிலையில் 69 ரூபாய் உயர்வு, கேட்டது 268 ரூபாய் உயர்வு. கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். கூடவே அடிப்படை அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும். 232 ரூபாய்க்கு 21 கிலோ என்றால் கிலோவுக்குச் சுமார் 11 ரூபாய் 5 காசு. 301 ரூபாய்க்கு 25 கிலோ என்றால் 12 ரூபாய் 4 காசு. நாள் கூலி 30 சதவீதம் ஏறியதாகச் செய்தி. கிலோ கணக்கில் ஏறியது 9 சதவீதம். மேற்கொண்டு எடுக்கும் நான்கு கிலோவுக்கு முன்பு கிடைத்த ஊக்கத்தொகையும் போயிற்று.

தோட்ட அதிபர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். மற்ற தேயிலை மாநிலங்களைவிடக் கேரளத்தில் கூலி ஏற்கெனவே அதிகம், ஏலச் சந்தையில் விலை எல்லாருக்கும் ஒன்றுதான், வீடும் ஆஸ்பத்திரியும் எங்கள் தலையில், அதோடு வேறெங்கும் இல்லாத தோட்ட வரி என்பது அவர்கள் வாதம். இதில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. நெருக்கடியை ஆராய அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கிருஷ்ணன் நாயர் தலைமையில் ஆணையம் அமைத்தது, 2018இல் தோட்ட வரி நீக்கப்பட்டது. அதாவது முதலாளிகளுக்குப் போராட்டத்தின் விளைவாக ஒரு பழைய சுமை இறங்கியது. லயத்தில் அதே அளவுக்கு எது இறங்கியது என்று தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான்.

பிறகு

2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை போட்டியிட்டது, ஒரு பிளாக் பஞ்சாயத்து இடம் உட்படச் சில இடங்களை வென்றது. ஆறு மாதத்தில் வந்த 2016 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் கிடைத்த வாக்குகள் சொற்பம். தலைமையில் இருந்த பெண்களுக்குள் பிளவு வந்தது. ஒருவர் சி.ஐ.டி.யு.வில் சேர்ந்தார், பிறகு அங்கிருந்தும் விலகினார். 2017 ஏப்ரலில், அமைச்சர் ஒருவர் அந்தப் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசியதாக எதிர்ப்பு எழுந்து மூணாறில் மறுபடி பந்தல் போட்டார்கள். இம்முறை உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்.

பெண்களுக்குத் தலைமை நடத்தத் தெரியாது என்று இதற்கு விளக்கம் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலை ஏழரைக்கு மலையில் நிற்க வேண்டிய ஒருவர், சம்பளம் வாங்கும் முழுநேரத் தலைவர்கள் இருக்கும் மூன்று சங்கங்களோடு, சந்தாவும் அலுவலகமும் வக்கீலும் இல்லாமல் எத்தனை மாதம் போட்டி போட முடியும்? கூட்டம் கலைந்ததைவிட, அது ஒன்பது நாள் கலையாமல் இருந்ததுதான் விளக்கம் தேவைப்படும் விஷயம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே கம்பெனியின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 66 உடல்கள் கிடைத்தன, 4 பேர் கிடைக்கவே இல்லை. உயிர் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறு அருகே குட்டியார்வேலியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். சொந்த வீடு, சொந்த நிலம் என்ற கோரிக்கை 2015இலும் பெண்களின் வாயில் இருந்தது. எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. போனஸ், கூலி, எடை என்று ரூபாயில் எண்ணக்கூடியவை மட்டுமே பேச்சு மேசைக்குப் போயின. சலுகைகளைப் பற்றிய விவாதங்களில் பொதுவாகவே இது நடக்கிறது, மூணாறில் அதன் விலை உயிராக இருந்தது.

எதை மாற்றிச் செய்யலாம்

கூட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால், அரசு பதறிப் போயிருந்த அந்த ஒன்பது நாளில் கேட்டிருக்க வேண்டிய ஒன்று கேட்கப்படவில்லை: தோட்டத் தொழிலாளர் குழுவில் ஓர் இருக்கை. பணம் கேட்டார்கள், பணம் கிடைத்தது. இருக்கை கேட்டிருந்தால் அக்டோபரில் 25 கிலோ பற்றி உள்ளே பேசக் கொழுந்து எடுத்த ஒருவராவது இருந்திருப்பார். பதிவும் அப்படித்தான். அப்போது நடைமுறையில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி, 2001 திருத்தத்துக்குப் பின், தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அது இருந்தால் சங்கம் பதிந்திருக்கலாம். சாலையில் இருந்தது அதைப் போல் அறுபது மடங்கு. மக்கள் சேர்ந்திருக்கும் போதே படிவத்தில் கையெழுத்து வாங்குவது எளிது. வீட்டுக்குப் போன பிறகு எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனாக (பிரிவாக) ஏறி இறங்க வேண்டும்.

எக்ஸ் கிரேஷியா மாதிரி ஒரு வாசல் வரும்போது, அதை ஏற்பதில் தவறில்லை. ஆனால் அடுத்த ஆண்டு எந்தக் கணக்கில் போனஸ் பேசப்படும், கணக்கு ஏடுகளை யார் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதி வாங்கலாம். மூணாறில் இது கூடுதலாகச் சாத்தியம், ஏனென்றால் அந்தப் பெண்கள் பங்குதாரர்கள். கம்பெனி தன் ஆண்டுக் கணக்கைப் போனஸ் அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்பே தமிழில் இரண்டு பக்கமாக அச்சடித்து ஒவ்வொரு டிவிஷனிலும் வாசித்துக் காட்டியிருந்தால், 10 சதவீதம் ஏற்கப்பட்டிருக்கும் என்று சொல்ல வரவில்லை. கொடிக்கம்பம் சாய்வதற்கு முன்னால் ஒரு பேச்சாவது நடந்திருக்கும்.

சங்கங்களுக்கான பாடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், செய்வதுதான் கஷ்டம். உறுப்பினரில் பெரும்பாலோர் பெண்கள் என்றால் கையெழுத்துப் போடும் குழுவிலும் அவர்கள் இருக்க வேண்டும். உடன்பாட்டுக்கு முன் வரைவை எஸ்டேட்டில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். நிர்வாகத்திடமிருந்து தலைவர் பெறும் வீடும் வசதியும் உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூணாறை முன்மாதிரியாக எடுத்துக்கொள்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். சட்ட விரோத வேலைநிறுத்தத்துக்குப் பழைய சட்டத்தில் தொழிலாளிக்கு அபராதம் 50 ரூபாய் வரை, அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறை இப்போதும் அதேதான், அபராதம் மட்டும் குறைந்தது 1,000, அதிகபட்சம் 10,000. பேசும் உரிமை, பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கத்துக்கு. அப்படி ஒன்று இல்லையென்றால் குறைந்தது 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த குழுவுக்கு. அதே சட்டம் குறைதீர்ப்புக் குழுவில் பெண்கள் அவர்களின் எண்ணிக்கை விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அந்த நிபந்தனையை வைக்கவில்லை. மூணாறு மாதிரி ஒரு கூட்டம் இனி எங்காவது சேருமானால், சாலைக்கு வருவதற்கு முன்னாலேயே பதிவு எண்ணும், 20 சதவீத உறுப்பினர் பட்டியலும், தேதியிட்ட முன்னறிவிப்பின் நகலும் கையில் இருக்க வேண்டும்.